சுடுதண்ணி வீடு

டோர்ட்மண்டில் மகேந்திரராஜாவின் வீட்டுக்கு வழி கேட்டால் எந்தத் தமிழரும் தெருப்பெயர் சொல்லமாட்டார். "சுடலைக்கு நேர் எதிரை, சுடுதண்ணி வீடு" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு, கேட்டவரின் வீட்டில் யாருக்காவது ஏதும் ஆகிவிட்டதோ என்று ஒருமுறை அவர் முகத்தைப் பார்ப்பார்.

மயானத்துக்கு எதிரே வரிசையாக நிற்கும் ஒட்டு வீடுகளில் அது கடைசி வீடு. நிறைய நாள் விற்காமல் கிடந்தது. ஜெர்மன்காரர்கள் வந்து பார்த்து, அமைதியான இடம் என்று பாராட்டிவிட்டு, அமைதி கொஞ்சம் கூடிப்போனது என்று திரும்பிவிட்டார்கள். தமிழர்கள் வந்து பார்க்கவேயில்லை. மகேந்திரராஜா மட்டும் வாங்கினார். "செத்த சனம் ஒரு கரைச்சலும் தராது, உயிரோடை இருக்கிற அயலவைதான் சத்தம் போடுறாய் எண்டு பொலிசுக்கு அடிக்கும்" என்பது அவருடைய நியாயம். அதில் பிழை சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

குடிவந்த புதிதில் அந்த மயானத்தில் ஒரு செத்தவீடு நடந்தது. பிராங்பேர்ட்டிலிருந்தும் பீலெஃபெல்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். செத்தவீட்டுக்குப் போனவர் துடக்குக் கழியத் தலைமுழுகாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பிராங்பேர்ட் போய்ச் சேரும்வரை வயிறு பொறுக்குமா? பசியோடு கார்த் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர், எதிர்வீட்டுக் கொடியில் இடுப்பில் கட்டும் சாரம் காய்வதைக் கண்டார். சாரம் காய்ந்தால் அது நம்முடைய வீடு. நேரே வந்து மணியை அடித்து, "அண்ணை, குறை நினையாதேங்கோ, ஒருக்காத் தலையை நனைச்சிட்டுப் போகட்டோ?" என்று கேட்டார். மகேந்திரராஜா, "இதென்ன கேள்வி, வாங்கோ" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் துவாய் இல்லாமல் நின்றதை அவர் கதவை முழுதாகத் திறந்த பிறகுதான் கண்டார்.

அந்த ஒரு 'வாங்கோ'வோடு அவருடைய வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதன்பிறகு அந்த மயானத்தில் எந்தத் தமிழர் எரிந்தாலும் சனம் அவருடைய வீட்டில்தான் குளித்தது. ஆண்கள் பின்முற்றத்துப் படியால் இறங்கி, கெல்லர் என்று எல்லோரும் சொல்லும் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரே பூட்டிய ஷவரில் குளிப்பார்கள். பெண்கள் மேல்மாடிக் குளியலறைக்கு. அவர்கள் ஏறிப் போகும் வழியில் சாமி அறை இருந்தபடியால் அதற்கு ஒரு தடித்த திரை. துவாய்க்குப் பஞ்சமேயில்லை. மகேந்திரராஜா வேலை செய்தது ஹோட்டல்களின் துணி வெளுக்கும் தொழிற்சாலையில். ஓரம் பிய்ந்தது என்று அங்கே கழித்துவிடும் துவாய்கள் எல்லாம் இங்கே வந்தன. துக்கம் கேட்டு வந்த சனம் ஐந்து நட்சத்திர ஹோட்டல் முத்திரையால் தலை துவட்டிக்கொண்டு பீலெஃபெல்டுக்குத் திரும்பியது.

அந்த நாட்களில் மகேந்திரராஜாவைப் பார்க்கவேண்டும். சுடலையிலிருந்து முதல் ஆளாக வந்து, வீட்டுக்காரர் என்ற உரிமையில் முதல் ஆளாகக் குளித்து, சாரத்துக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றால், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் தோற்றார். "நீங்கள் உள்ளை போங்கோ. தம்பி, நீர் கொஞ்சம் பொறும். ஐயா, சவுக்காரம் இடப்பக்கம் கிடக்கு." தொழிற்சாலையில் அவருடைய முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. தமிழ்ச் சங்கத்தில் எத்தனையோ வருடமாக நிர்வாகசபையின் மேலதிக உறுப்பினர், அதாவது கதிரை அடுக்கும் உறுப்பினர். ஆனால் செத்தவீட்டு நாளில் சங்கத் தலைவர் புவனேந்திரனே அவருடைய முற்றத்தில் துவாயும் கையுமாக வரிசையில் நின்றாகவேண்டும்.

அவருடைய மனைவி ஜெயமலர் அடுப்படியில் இருப்பாள். வந்தவர்கள் தலை காயமுதல் தேத்தண்ணி வேண்டும். பெரிய பானையில் அது கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டையும் தண்ணீரையும் சூடாக்க கெல்லரில் கிடந்த பழைய ஹைட்சுங், பீப்பாய் மாதிரி ஒரு தொட்டியோடு கூடியது. வயது போனபின் அது தானாக மூட்டிக்கொள்ளாது. யாராவது போய் ஒரு பொத்தானை அமத்தவேண்டும். அந்த ஆளும் ஜெயமலர்தான். எல்லோரும் போனபிறகு மேல்மாடியிலிருந்து கெல்லர் வரை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவதும் அவள்தான். அவர் செத்தவீட்டுக்குப் போவார், அவள் வீட்டில் நிற்பாள். இருவரும் பேசி முடிவெடுத்த விஷயமல்ல அது. அப்படியே வந்து அப்படியே நின்றுவிட்டது.

பழைய ஹைட்சுங் போன கார்த்திகையில் ஒரு செத்தவீட்டு நாளில் உயிரை விட்டது. விட்ட நேரம்தான் கெட்ட நேரம். கெல்லர் ஷவரில் புவனேந்திரன் தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நின்றார். முதலில் ஒரு உறுமல் கேட்டது. பிறகு பீப்பாய்க்குள் யாரோ கல்லைப் போட்டதுபோல் ஒரு சத்தம். அதற்கும் பிறகு கேட்டது புவனேந்திரனின் குரல். மேடையில் ஒலிவாங்கி பிடித்து இரண்டு மணித்தியாலம் பேசக்கூடியவர் அன்று ஒலிவாங்கி இல்லாமலே சுடலை வரை கேட்டார். அங்கே மலர்வளையம் அடுக்கிக்கொண்டிருந்த மயானத் தொழிலாளி தன் வாழ்நாளில் முதல்தடவையாக வேலையைப் போட்டுவிட்டு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். ஜெயமலர் பொத்தானை அமத்தினாள், தட்டினாள், கடைசியில் கும்பிட்டும் பார்த்தாள். பீப்பாய் அசையவில்லை. புவனேந்திரன் ஒரு கண்ணில் நுரையோடு தேத்தண்ணிப் பானையிலிருந்து ஒரு சட்டி வாங்கி ஊற்றிக்கொண்டுதான் வீடு போனார். அவருடைய தலையில் ஏலக்காய் வாசம் இரண்டு நாள் நின்றதாம்.

ஹைட்சுங் பூட்டுகிற கோல்மான் வந்தார். நல்ல மனுசன், கொஞ்சம் வேகம் குறைவு. பீப்பாயை ஒரு தரம் தட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். கெல்லரின் புகைபோக்கியும் வெடித்துக் கிடக்கிறது, புதியதைச் சமையலறை வெளிச்சுவரில்தான் மாட்டலாம் என்றார். தொட்டி இல்லாத சின்ன வகை. தண்ணீர் குழாயில் ஓட ஓடச் சுடவைக்கும். வீட்டையும் சூடாக்கும், குளிக்கவும் தரும். அதில் இரண்டு உண்டு. சிறியது அலுமாரிக்குள் அடங்கிவிடும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஷவருக்குத்தான் சுடுதண்ணி. மற்றது ஒரு சாண் கூட உயரம், ஒரே நேரத்தில் இரண்டு ஷவருக்குக் கொடுக்கும்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார் கோல்மான்.

மகள் சிவானுஜா பிராங்பேர்ட்டுக்கு வங்கி வேலையோடு போய்விட்டாள். மகேந்திரராஜா கொஞ்சம் யோசித்தார். "இரண்டு பேர்" என்றார். "சில நாட்களில் நாற்பது."

கோல்மான் பேனாவை மூடினார். கெல்லரில் அடுக்கியிருந்த துவாய்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஹோட்டலின் முத்திரை. "நீங்கள் அறை வாடகைக்கு விடுகிறீர்களா? அதற்கு அனுமதி எடுக்கவேண்டும்."

"இல்லை, இல்லை. யாராவது இறந்தால் இங்கே கொண்டுவந்து, அதாவது வந்து, குளிப்பார்கள்."

கோல்மான் ஷவரைப் பார்த்தார். ஷவரிலிருந்து ஜன்னல் வழியாகச் சுடலையைப் பார்த்தார். பிறகு படிப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தார். குளிப்பது உயிரோடு இருப்பவர்கள்தான் என்பதை அவருக்கு விளங்கவைக்க அரைமணி நேரமும் இரண்டு கோப்பை தேத்தண்ணியும் பிடித்தன. விளங்கியபின் அவர் தெளிவாகச் சொன்னார். "இரண்டு பேருக்கு என்றால் சிறியதே தாராளம். நாற்பது பேருக்கு என்றால் என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டும் என் கடையில் இருக்கிறது, எது என்று சொன்னால் அடுத்த நாளே மாட்டிவிடுவேன்." அளவு பார்க்க இரண்டு ஹைட்சுங்கின் கடதாசி அச்சுகளையும் கொடுத்துவிட்டு, குளிருக்கு ஒரு மின்சார அடுப்பையும் இரவல் தந்துவிட்டுப் போனார்.

"பெரிசுதான்" என்றார் மகேந்திரராஜா.

"சின்னன் காணும்" என்றாள் ஜெயமலர்.

"விசர்க்கதை கதையாதையும். ஒராள் ஒராளாக் குளிச்சால் கடைசி ஆள் எப்ப குளிக்கிறது? விடியவே?"

"வேறை எங்கையும் போய்க் குளிக்கட்டும்."

மகேந்திரராஜாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் பட்டது. ஏன் பட்டது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு வேறு எதற்கும் யாரும் வந்ததில்லை. சுடலைக்கு முன்வீடு என்பதால் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும் சனம் சாட்டுச் சொல்லும். சிவானுஜா வயதுக்கு வந்த சாமத்தியவீட்டைக்கூட மண்டபம் எடுத்துத்தான் செய்தார்கள். சனம் அவருடைய படியை மிதித்தது தலையை நனைக்க மட்டும்தான். சுடுதண்ணி இல்லையென்றால் தன்னைத் தேடி யார் வருவார் என்ற கேள்வியை அவர் தனக்குள்ளேயே கேட்கப் பயந்தார். ஹைட்சுங் பெரிதாக இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவை இராது.

அதனால் அவர் பெரிய கடதாசி அச்சைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அங்கே சின்னது ஒட்டியிருந்தது. அவர் அதைக் கழற்றிப் பெரியதை ஒட்டினார். அடுத்த நாள் மறுபடியும் சின்னது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்தால் புகை வரும் குளிரில், குளிர் ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மின்சார அடுப்புக்கு இரண்டு பக்கமும் இருந்து சோறு சாப்பிட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துபோகும் குளிர் அது. ஆனால் விட்டுக்கொடுப்பதற்கு இருவரில் ஒருவரும் அவ்வளவு விறைக்கவில்லை.

சிவானுஜா தொலைபேசியில் வந்தாள். "அப்பா, நீங்கள் ரெண்டே ரெண்டு பேர். இதிலை யோசிக்க என்ன இருக்கு?"

"உனக்கு உது விளங்காது பிள்ளை. இது எங்கடை சனத்தின்ரை பிரச்சினை."

சனத்தின் பிரச்சினை என்று அவர் சும்மா சொல்லவில்லை. புவனேந்திரனிடம் அதைக் கொண்டுபோனார். ஏலக்காய்த் தண்ணீரில் தலைமுழுகிய காயம் ஆறாத புவனேந்திரன் உடனே சங்கத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். 'ஜெர்மனிவாழ் தமிழரும் வெந்நீரும்' என்ற தலைப்பில் அவரே நீண்ட நேரம் பேசினார். ஒருவர் எழும்பி, வேலைக்கு நேரமாகிறது, இரண்டு ஹைட்சுங்கையும் சேர்த்து வாங்கினால் என்ன என்று கேட்டார். இன்னொருவர், ஊரில் கிணற்றில் அள்ளி ஊற்றியவர்களுக்கு இப்போது இரண்டு ஷவர் கேட்கிறதோ என்று கேட்டுப் பேச்சு வாங்கினார். கடைசியில் பெரியதை வாங்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அது யாருடைய சமையலறையில் மாட்டப்படும் என்பதையோ அந்தச் சமையலறையில் நிற்பவள் என்ன சொல்கிறாள் என்பதையோ ஒருவரும் கேட்கவில்லை. மகேந்திரராஜா சந்தோஷத்தோடு கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சுவரில் சின்னது ஒட்டியிருந்தது.

இப்படி இருக்கையில் கனகசூரியம் என்ற பெரியவர் இறந்துபோனார். டோர்ட்மண்டில் மகன் சஞ்சயனோடு இருந்தவர். மகேந்திரராஜாவுக்கு அவரை முகத்தளவில்தான் தெரியும். ஜெயமலருக்கு அதுவும் தெரியாது. ஆனால் செய்தியைக் கேட்டதும் மகேந்திரராஜாவுக்குக் கை கால் ஓடவில்லை. செத்தவீடு வருகிறது, வீட்டில் சுடுதண்ணி இல்லை. கலியாணவீட்டில் சமைக்கும் கிடாரங்களை வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விறகு மூட்டலாமா என்று பார்த்தார். பக்கத்து வீட்டு ஃப்ராவ் ஸ்டைன், முற்றத்தில் நெருப்பைக் கண்டால் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவேன் என்று வேலிக்கு மேலால் அன்பாகவே சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர் புவனேந்திரனுக்கு அடித்து, "அண்ணை, இந்தமுறை மட்டும் ஏலாது" என்றார்.

"ஒண்டுக்கும் யோசியாதை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் புவனேந்திரன். அது மகேந்திரராஜாவுக்கு இன்னும் கவலையாக இருந்தது.

செத்தவீட்டு நாள் காலையில் அவர் புறப்பட்டு நின்றபோது ஜெயமலர் வெள்ளைச் சேலையோடு படியால் இறங்கி வந்தாள். அவர் திகைத்துப்போனார்.

"நீர் எங்கை?"

"செத்தவீட்டுக்கு."

"உமக்கு அவரைத் தெரியாதே!"

"இஞ்சை நிண்டு என்ன செய்யிறது? தேத்தண்ணி ஊத்த ஒருத்தரும் இல்லை, அமத்தப் பொத்தானும் இல்லை. அங்கை மண்டபத்துக்கை ஹைட்சுங் வேலை செய்யும்." காலுறையைப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் தெருவைக் கடந்து போனாள்.

மயான மண்டபம் உண்மையிலேயே கதகதப்பாக இருந்தது. ஜெயமலர் பெண்கள் பக்கத்தில் ஓர் ஓரமாக இருந்தாள். ஐயர் மந்திரம் சொன்னார், பெட்டிக்கு வாய்க்கரிசி போட்டார்கள். வரிசை அவளிடம் வந்தது. அவள் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெரிதாகக் குரலெடுத்து அழத் தொடங்கினாள்.

அப்படி ஒரு அழுகையை அந்த மண்டபம் கேட்டதில்லை. கனகசூரியத்தின் மகள்மார் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். தேவாரம் படிக்க வந்தவர் எடுத்த அடியை மறந்தார். ஜெயமலர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சஞ்சயன் மெல்ல மகேந்திரராஜாவிடம் வந்தான்.

"அங்கிள், அன்ரி அப்பாவுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லைத் தம்பி."

இது நல்ல பதிலாகப் படவில்லை என்று அவருக்கே தெரிந்தது. கனகசூரியத்தின் மனைவி முன்வரிசையில் இருந்து ஜெயமலரை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தாள். ஐம்பது வருடத் தாம்பத்தியத்தில் மனுசன் எங்கெங்கே தனியாகப் போய்வந்தார் என்று ஒவ்வொன்றாக யோசிப்பது அவள் முகத்தில் தெரிந்தது. "ஆர் உந்தப் பொம்பிளை?" என்று அவள் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நல்லவேளையாக, அதற்குள் ஜெயமலரின் ஒப்பாரியில் பெயர்கள் வரத் தொடங்கின. கனகசூரியத்தின் பெயர் அதில் இல்லை. எப்போதோ எரிந்துபோன சின்னத்துரை மாஸ்ரர் வந்தார். காரில் அடிபட்டுச் செத்த ஜெகன் வந்தான். பிள்ளைப்பேற்றில் போன சுகந்தி வந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்த செத்தவீடு ஒவ்வொன்றையும் இந்தப் பக்கம் அடுப்படியில் நின்று தவறவிட்டவள், இப்போது கையில் கிடைத்த ஒரு பெட்டியில் எல்லோருக்குமாக அழுதாள்.

"என்ரை பரமக்கா, ஒரே அறையிலை ஒரே போர்வையோடை கிடந்தமே அக்கா, காம்பிலை எனக்குச் சோறு தீத்தினியளே, நீங்கள் போகேக்கை நான் உங்கடை முகம் பாக்கேல்லையே, தேத்தண்ணி ஊத்திக்கொண்டெல்லோ நிண்டனான்..."

பரமக்கா என்ற பரமேஸ்வரியின் செத்தவீடு மகேந்திரராஜாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அகதி முகாமில் ஜெயமலரோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். கூடப்பிறக்காத குறைதான். அன்றைக்கு அவர் சுடலையிலிருந்து ஓடி வந்து அடுப்படி வாசலில் நின்று சொன்னது, "சனம் கனக்க, கெதியாத் தண்ணியைப் போடும்" என்பதுதான். அவள் பொத்தானை அமத்தப் போனாள். இத்தனை வருடம் தான் ஊருக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த மனுசன், அந்த உபகாரத்தை யாருடைய தலையில் கட்டினோம் என்பதை அப்போதுதான் கண்டார். வெட்கமாக இருந்தது. நாலு பேர் அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். கனகசூரியத்தின் மனைவி எழும்பி வந்து, சந்தேகம் தீர்ந்த நிம்மதியோடு, அவளைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதாள்.

எல்லாம் முடிந்ததும் புவனேந்திரன் கார்த் தரிப்பிடத்தில் நின்று கையை உயர்த்தினார். "எல்லாரும் எனக்குப் பின்னாலை வாங்கோ."

அவர் கூட்டிக்கொண்டு போனது நகரசபையின் நீச்சல் குளத்துக்கு.

சீட்டுக் கொடுக்கும் பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தலையை உயர்த்தினாள். வெள்ளைச் சேலைகளும் கறுப்புக் கோட்டுகளும் திருநீறும் சிவந்த கண்களுமாக ஒரு கூட்டம் நின்றது. "நீந்தவா?" என்று கேட்டாள்.

"இல்லை. குளிக்க மட்டும்" என்றார் புவனேந்திரன் தன் மேடை ஜெர்மனில். "குழுவாக."

அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். குளத்தில் இறங்காமல் குளிக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உள்ளே போனார்கள். வரிசையாகப் பத்து ஷவர். பொத்தானை அமத்தினால் ஆவி பறக்கக் கொட்டியது. ஒருவருக்கும் குளிரவில்லை, ஒருவரும் காத்து நிற்கவில்லை. 'நன்றாகக் குளித்த பின்னரே தண்ணீரில் இறங்கவும்' என்று சுவரில் எழுதியிருந்ததைப் புவனேந்திரன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "பாத்தியளே, வெள்ளையளும் துடக்குப் பாக்கினம்!" நீச்சல் உடையோடு வந்த கிழவர் ஒருவர், ஷவர் முழுக்கச் சாரத்தோடு நின்று தலைமுழுகும் ஆண்களைக் கண்டு, பிழையான கதவால் வந்துவிட்டேன் என்று திரும்பிப் போனார்.

மகேந்திரராஜா கடைசி ஷவரில் நின்றார். 'உள்ளை போங்கோ' என்று அனுப்ப யாரும் இல்லை, சவுக்காரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தலை துவட்டிக்கொண்டிருந்த புவனேந்திரன் அவருடைய தோளில் தட்டினார். "இனி இதுதான் மகேந்திரா வசதி. உனக்கும் ஒரு கரைச்சல் விட்டுது." அதை நல்ல மனதோடுதான் சொன்னார். மகேந்திரராஜா சிரித்தார். தண்ணீர் சூடாகத்தான் கொட்டியது, அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பயந்துகொண்டிருந்த கேள்விக்கு ஒரு பொத்தானை அமத்தியதும் பதில் வந்துவிட்டது.

வெளியே வந்தபோது சனம் கலைந்துகொண்டிருந்தது. ஜெயமலர் நீச்சல் குளத்துச் சிற்றுண்டிச்சாலையில், ஈரத்தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு, கண்ணாடிச் சுவரோரம் தனியாக இருந்தாள். முன்னால் ஒரு தட்டு பொம்மஸ், பொரித்த உருளைக்கிழங்கு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் முகம் கழுவி வைத்த பாத்திரம்போல் பளிச்சென்று இருந்தது. அவளை அப்படி எப்போது பார்த்தோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

"செத்தவீட்டாலை வந்து உது சாப்பிடலாமே?" என்று கேட்டுக்கொண்டே எதிரே இருந்தார்.

"உருளைக்கிழங்குதானே. சைவம்." ஒன்றை எடுத்து ஆறுதலாகக் கடித்தாள். சேலையோடு ஓடித்திரிந்து யாருக்கும் ஒன்றும் பரிமாறாமல், தன் தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளத்தில் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரியைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். வாயில் வந்தது ஹைட்சுங்தான்.

"சரி. நீர் சொன்ன சின்னனையே எடுப்பம். நாளைக்குக் கோல்மானுக்குச் சொல்லுறன்."

அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

"இனி ஆர் எங்கடை வீட்டை குளிக்க வரப்போகினம்?"

சொன்னபிறகு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குளத்து மருந்து வாசம் என்று சாட்டுச் சொல்லத் தயாராக இருந்தார். ஜெயமலர் கேட்கவில்லை. பொம்மஸ் தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"பெரிசை எடுங்கோ" என்றாள்.

"விசரே உமக்கு? ஆர் வாறது எண்டு கேக்கிறன்."

"நான் வாறன்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

"இனி ஒரு செத்தவீடும் விடமாட்டன். உங்களோடை போவன், உங்களோடை திரும்பி வருவன். நீங்கள் கீழை குளிச்சு முடிக்குமட்டும் நான் முத்தத்திலை விறைச்சுக்கொண்டு நிக்க ஏலாது. ரெண்டு ஷவருக்கும் ஒரேயடியாச் சுடுதண்ணி வரவேணும்." இன்னொரு பொம்மஸை எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு எண்டு சொல்லாமல் இண்டைக்கே அடியுங்கோ. அடுத்தது ஆற்றை செத்தவீடோ, ஆருக்குத் தெரியும்? அதுக்கு முதல் கொண்டுவந்து பூட்டச் சொல்லுங்கோ."